சேற்றுக்குள் எடுக்கப்படும் முடிவு

ஒரு பிப்ரவரி மாதத்தில் சார்ல்ஸ் டார்வின் சிறு குளமொன்றின் ஓரத்தில், தண்ணீருக்கு அடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுத்தார். காய்ந்தபின் அதன் எடை 200 கிராமைக்கூட எட்டவில்லை. அதை மூடித் தன் படிப்பறையில் ஆறு மாதம் வைத்திருந்து, முளைத்துவந்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இந்தக் கணக்கைக் காணலாம். நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிக்கொள்ளும் சேறு எத்தனை விதைகளைக் குளம்விட்டுக் குளம் கொண்டுபோகும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்த விடை.

அதே கணக்கை வைத்து வேறொரு கேள்வியும் கேட்கலாம். படிப்பறைக்கு வந்ததும் முளைத்த அந்த விதைகள் குளத்தடியிலேயே ஏன் முளைக்கவில்லை? அங்கே தண்ணீருக்கா பஞ்சம்?

நிலத்துச் செடிகளில் பலவற்றுக்கு மழைதான் சேதி. புழுதியில் கிடக்கும் விதை ஈரம் பட்டால் ஊறும், ஊறினால் முளைக்கும். குளத்தடியில் கிடக்கும் விதையோ ஆண்டு முழுதும் ஊறியே கிடக்கிறது. எப்போதும் இருக்கிற ஒன்று எந்த மாற்றத்தையும் அறிவிக்காது. எனவே முளைக்க ஏற்ற காலம் வந்துவிட்டதா, இடம் சரியானதுதானா என்பதை நீர்ச்செடிகள் தண்ணீரைக் கொண்டு அறிய முடியாது. வேறு தடயங்களைத் தேட வேண்டும். அவற்றில் முதன்மையானது வெளிச்சம். வெளிச்சம் சொன்னதை வளர்ச்சியாக மாற்றுவதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைக் காட்டிக்கொடுத்த செடிகளில் ஒன்று, ஒரு சென்டிமீட்டர் அகலம்கூடத் தேறாதது.

மூழ்கிப் பிழைக்கும் செடி

அதன் பெயர் ஸ்பைரோடெலா பாலிரைசா. தேங்கிய நீரின்மேல் பச்சைப் பொட்டுகளாகப் பரவிக் கிடக்கும் ‘டக்வீட்’ செடிகளில் உருவில் பெரியது இதுதான். தண்டு என்றும் இலை என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே தட்டையான உடல். அடியில் கொத்தாகச் சில வேர்கள். உடலின் பக்கவாட்டுப் பைகளிலிருந்து அடுத்த தலைமுறை அரும்பிப் பிரிந்து போகும். வெப்பமும் சத்தும் போதுமான அளவு இருந்தால் இரண்டு மூன்று நாளில் எண்ணிக்கை இரட்டித்துவிடும். பூப்பது அபூர்வம் என்பதால் இது விதையை நம்பி வாழும் செடி அல்ல.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு உறைந்துவிடும். மிதக்கும் செடிக்கு அது சாவு. ஆகவே குளிர் நெருங்கும்போது அதே பக்கவாட்டுப் பைகளிலிருந்து வேறு வகையான பிள்ளை பிறக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், கரும்பச்சையாக, தடித்து இருக்கும் அந்த மொட்டுக்கு டூரியான் என்று பெயர். மிதக்கும் உடலில் காற்றறைகள் நிறைந்திருக்கும். டூரியானில் அவை மிகக் குறைவு. அந்த இடத்தை மாவுச்சத்து அடைத்துக்கொண்டிருக்கிறது. நீரைவிடக் கனமாகிவிடுவதால் தாய்ச்செடியிலிருந்து கழன்றதும் அது அடிக்குப் போய்விடுகிறது. மேலே பனி உறைந்தாலும் அடிநீர் உறையாது.

குளிர் மட்டுமே இதைத் தூண்டுவதில்லை. நீரில் பாஸ்பேட் குறைந்தாலும் செடி டூரியான்களை உருவாக்கத் தொடங்கும். ஆய்வகத்தில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சேர்த்தால், எந்த நெருக்கடியும் இல்லாமலே டூரியான்கள் தோன்றும். வறட்சியில் இலைத்துளைகளை மூடவும், விதையை உறக்கத்தில் வைத்திருக்கவும் நிலத்துச் செடிகள் பயன்படுத்தும் அதே ஹார்மோன் அது.

அடியில் கிடக்கும் டூரியான் முதலில் குளிரைக் கடந்தாக வேண்டும். 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் கிடந்தபின்தான் அதன் ஆழ்ந்த உறக்கம் கலைகிறது. இலையுதிர் காலத்தில் இடையே வரும் நாலு வெயில் நாளை வசந்தம் என்று நம்பி ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும். ஆனால் உறக்கம் கலைந்த டூரியானும் இருட்டில் முளைக்காது. அது வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது.

ஸ்பைரோடெலா என்ற பேரினப் பெயரை 1839-இல் சூட்டியவர் மத்தியாஸ் ஷ்லைடன். தாவர உடல் முழுவதும் செல்களால் ஆனது என்று அதற்கு முந்தைய ஆண்டு எழுதி, செல் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகு டூரியான் முளைப்பின் நுட்பங்களைத் தொடர்ச்சியாக ஆராய்ந்தவர்களும் அதே யேனாவில்தான் இருந்தார்கள்.

வெளிச்சம் சொல்லும் சேதி

வெளிச்சம் என்றதும் ஒளிச்சேர்க்கை நினைவுக்கு வரும். முளைப்பில் அதன் வேலை வேறு. சில நிமிடம் மட்டும் மங்கலான சிவப்பு ஒளியைக் காட்டிவிட்டு மீண்டும் இருட்டில் வைத்தாலும் டூரியான் முளைக்கத் தொடங்குகிறது. அந்தச் சிறு பொழுதில் கிடைத்த ஆற்றலை வைத்து எதையும் கட்ட முடியாது. செடிக்குக் கிடைத்தது உணவு இல்லை, தகவல்.

இதன் அடிப்படை லெட்டூஸ் கீரை விதையில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு 1952-இல் ஒரு முடிவை வெளியிட்டது. 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கிறது. அதன்பின் 730 நானோமீட்டரை ஒட்டிய, நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைசிவப்பு ஒளியைக் காட்டினால் முளைப்பு நின்றுவிடுகிறது. மீண்டும் சிவப்பைக் காட்டினால் மீண்டும் முளைக்கிறது. எத்தனை முறை மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன் பேச்சையே விதை கேட்கிறது.

இதற்குக் காரணமான நிறமிப் புரதத்தை 1959-இல் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். அதுதான் பைட்டோகுரோம். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. சிவப்பு ஒளியை உறிஞ்சினால் செயல்படும் வடிவத்துக்கு மாறும். தொலைசிவப்பை உறிஞ்சினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஸ்பைரோடெலாவின் டூரியானும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. சிவப்பு முளைக்கவைக்கிறது, உடனே தொடரும் தொலைசிவப்பு அதை ரத்து செய்கிறது.

இப்படி இரண்டு நிறங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதால் குளத்தடியில் கிடக்கும் மொட்டுக்கு என்ன பயன்? பச்சை இலைகள் சிவப்பு ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. தொலைசிவப்பை அப்படியே விட்டுவிடுகின்றன. நீர்மேல் செடிகள் அடர்ந்து மூடியிருந்தால் கீழே வரும் ஒளியில் தொலைசிவப்பே மிஞ்சும். அதாவது, மேலே இடம் இல்லை. தண்ணீர் நேர்மாறாக நடந்துகொள்கிறது. தெளிந்த நீரில் ஒரு மீட்டர் ஆழம் போவதற்குள் தொலைசிவப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உறிஞ்சப்பட்டுவிடும். 660 நானோமீட்டர் சிவப்பிலோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தப்பிவிடும். எனவே திறந்த நீரின் அடியில் வெளிச்சம் மங்கினாலும் சிவப்பின் கை ஓங்கியே இருக்கும். சேற்றுக்குள் புதைந்துவிட்டாலோ சில மில்லிமீட்டரிலேயே எல்லா ஒளியும் அற்றுவிடும். நான் புதைந்திருக்கிறேனா, என் தலைக்கு மேல் வேறு செடி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நிறமி விடை சொல்லிவிடுகிறது.

இந்த விடை தவறிப்போனால் செடிக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை. முளைத்த மொட்டு மீண்டும் டூரியானாக மாறாது.

கால்சியம்: வெளியே மிகுதி, உள்ளே பஞ்சம்

பைட்டோகுரோம் வடிவம் மாறுவது கணப்பொழுது வேலை. முளைப்பு நாள்கணக்கில் நடப்பது. இடையில் அந்தச் சேதியை ஏந்திச்செல்ல ஏதோ ஒன்று வேண்டும். கால்சியம் அந்த வேலைக்கு ஏற்றது. அதன் காரணம் செல்லின் உள்கட்டமைப்பிலேயே இருக்கிறது.

கடினத்தன்மை உள்ள ஒரு குளத்து நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் இருப்பது சாதாரணம். அந்த நீரில் மிதக்கும் செடியின் செல்திரவத்தில் கட்டற்று உலவும் கால்சியமோ லிட்டருக்குச் சுமார் 4 மைக்ரோகிராம்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கால்சியம் கூடினால் செல்லின் ஆற்றல் பரிமாற்றத்துக்கு அடிப்படையான பாஸ்பேட்டுடன் சேர்ந்து வீழ்படிவாகிவிடும் என்பதால், உயிர்ச்செல்கள் ஓயாமல் ஆற்றலைச் செலவிட்டு அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. அல்லது உள்ளிருக்கும் நுண்குமிழ் அறைகளில் அடைத்துவைக்கின்றன. மதகுக்கு இந்தப் பக்கம் வறண்ட வாய்க்காலும் அந்தப் பக்கம் நிறைந்த ஏரியும் இருப்பதைப்போன்ற நிலை இது. செல்சவ்வில் உள்ள கால்சியத் துளைகள் சற்றே திறந்தாலும் உள்ளே அளவு பல மடங்கு உயர்ந்துவிடும். ஏற்கெனவே நிறைய இருக்கும் ஒரு பொருளில் கொஞ்சம் கூடினால் யாருக்கும் தெரியாது. இல்லாத இடத்தில் வந்தால்தான் அது சேதியாகும்.

சேதியைப் படிப்பதற்கென்றே கால்மோடுலின் போன்ற புரதங்கள் செல்லுக்குள் காத்திருக்கின்றன. ஒரு கால்மோடுலின் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் உருவம் மாறும். உருவம் மாறியபின் வேறு நொதிகளோடு ஒட்டி அவற்றை வேலைக்கு முடுக்கும்.

கால்சியம் உண்மையிலேயே ஒளியின் சேதியைத்தான் ஏந்துகிறதா, அல்லது எல்லாச் செல்களுக்கும் தேவைப்படும் ஒரு சத்து என்பதால் முளைப்புக்கும் தேவைப்படுகிறதா? இதைப் பிரித்தறிவது எளிதல்ல. செல்சுவரைக் கட்டவே கால்சியம் வேண்டும். ஒரு சத்தை எடுத்துவிட்டால் வளர்ச்சி நிற்கத்தான் செய்யும். அதனால் மட்டும் அது தூதுவன் என்று ஆகிவிடாது.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டி வெய்னும் பீட்டர் ஹெப்லரும். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒனோக்கிளியா சென்சிபிலிஸ் என்ற பெரணியின் வித்துகளை. வட அமெரிக்காவின் சதுப்புகளிலும் ஈரப் புல்வெளிகளிலும் வளரும் இந்தப் பெரணியின் வித்தும் சிவப்பு ஒளிக்குத்தான் முளைக்கிறது. 1984-இல் வெளிவந்த அவர்களது ஆய்வின் தர்க்கம் மூன்று படிகளில் நகர்கிறது. முதலில், ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு வெளியில் இருந்த கால்சியத்தைக் கட்டிப்போட்டார்கள். சிவப்பு ஒளி பயனற்றுப்போனது. அடுத்து, கால்சியத்தை இருக்கவிட்டு, அது உள்ளே புகும் வழியை மட்டும் லாந்தனம் அயனியால் அடைத்தார்கள். அப்போதும் முளைப்பு தடைபட்டது. மூன்றாவதுதான் தீர்மானமானது. சவ்வின் வழியே கால்சியத்தைக் கடத்திச்செல்லும் ஏ23187 என்ற பொருளைச் சேர்த்து, வித்துகளை இருட்டிலேயே வைத்தார்கள். சிவப்பு ஒளி படாமலே வித்துகள் முளைத்தன.

ஒளி இல்லாதபோதும் ஒளியின் வேலையை ஒரு பொருள் செய்கிறது என்றால் அதை வெறும் சத்து என்று ஒதுக்கிவிட முடியாது. மறு ஆண்டே அவர்கள் வித்துகளுக்குள் இருக்கும் கால்சியத்தை அளந்தார்கள். சிவப்பு ஒளிக்குப் பின் அதன் அளவு கூடியிருந்தது.

யேனாவில் கிளவுஸ் அப்பென்ரோத், ஆக்ஸ்டன் இருவரும் இதே கேள்வியை ஸ்பைரோடெலாவிடம் கேட்டார்கள். 1990-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பைட்டோகுரோம் தொடங்கிவைக்கும் முளைப்பின் நடுவே கால்சியம் கட்டாயமாகத் தேவைப்படும் ஒரு கட்டம் இருப்பதைக் காட்டியது. ‘ஒரு கட்டம்’ என்பதில்தான் அந்த ஆய்வின் அழுத்தம். சாதாரணச் சத்தாக மட்டும் இருந்தால் தொடக்கம் முதல் முடிவு வரை அது ஒரேபோலத் தேவைப்பட வேண்டும். குறிப்பிட்ட பொழுதில் தேவை கூர்மையாகிறது என்றால், அந்தப் பொழுதில் அது குறிப்பிட்ட வேலை ஒன்றைச் செய்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது.

இதிலிருந்து ஒளிக்கும் கால்சியத்துக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். ஒளி குளத்தின் நிலையைப் பற்றிய தகவல். அது வரலாம், வராமலும் போகலாம். கால்சியமோ பெரும்பாலான குளங்களில் எந்த நாளும் கரைந்தே கிடக்கிறது. குளத்தில் கால்சியம் இருக்கிறதா என்று டூரியான் சோதிப்பதாக நினைக்க வேண்டியதில்லை. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை, ஒளியின் ஆணை வரும்வரை செல் உள்ளே விடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் ஆய்வகத்தில் மெனக்கெட்டு அதை நீக்கும்வரை அதன் பங்கு யார் கண்ணிலும் படவில்லை.

விழிப்பது வேறு, செலவழிப்பது வேறு

டூரியானின் உலர் எடையில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான். முளைப்பு தொடங்கினால் இந்தச் சேமிப்பு கரையத் தொடங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். ஸ்பைரோடெலாவில் அப்படி நடப்பதில்லை. சில நிமிடச் சிவப்பு ஒளி முளைப்பைத் தொடங்கிவிடும். சேமித்த மாவுச்சத்தை உடைப்பதற்கு அது போதாது. அதற்கு ஒளி நாள்கணக்கில் தொடர வேண்டும். யேனா குழுவினர் பிந்தைய ஆண்டுகளில் இதன் வேதியியலையும் துருவிப் பார்த்தார்கள். மாவுமணியின் மேற்பரப்பில் பாஸ்பேட் குழுக்களைப் பொருத்தும் நொதி ஒன்று உண்டு. பாஸ்பேட் பொருந்திய இடங்களில் மணியின் இறுக்கம் தளரும். மாவை அரிக்கும் நொதிகள் அங்கே புகுந்துகொள்ளும். ஒளி பட்ட டூரியான்களில் முதலில் இந்த நொதியே மாற்றமடைகிறது என்றும், மாவு உடைவது அதற்குப் பிறகுதான் என்றும் 2004-இல் அவர்கள் காட்டினார்கள்.

இந்த இரண்டடுக்கு ஏற்பாட்டில் சிக்கனம் தெரிகிறது. மீனோ மாடோ சேற்றைக் கலக்கியதில் ஒரு டூரியான் சற்று நேரம் வெளிச்சத்துக்கு வந்து மீண்டும் புதைந்துபோகலாம். அந்தக் கணநேர ஒளியை நம்பி அது சேமிப்பு முழுவதையும் கரைத்துவிட்டால் பிழைக்க வழியில்லை. வெளிச்சம் நிலைத்தால்தான் மாவு கரையும். புதிய செடி அரும்பி, அதன் காற்றறைகள் நிறைந்து, மேலெழுந்து மிதக்கும். அதன்பின் அதற்கு ஒளிச்சேர்க்கையே போதும்.

எல்லாச் செடிக்கும் ஒரே விதி இல்லை

நீர்ச்செடிகள் எல்லாமே ஒளியைக் கேட்டுத்தான் முளைக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. தாமரை விதை நம்பியிருப்பது தன் ஓட்டை. நீர் புகாத அந்த ஓடு தேயும்வரை அல்லது உடையும்வரை உள்ளே ஈரமே போகாது. வடகிழக்குச் சீனாவில் பழைய ஏரிப் படுகை ஒன்றில் எடுத்த தாமரை விதையை முளைக்கவைத்து, அதன் வயது சுமார் 1,300 ஆண்டு என்று ஜேன் ஷென்-மில்லரின் குழு 1995-இல் அறிவித்தது. சேற்றில் புதைந்தாலும் மேலேறி வரப் போதுமான உணவு அந்தப் பெரிய விதைக்குள் இருக்கிறது. வெளிச்சத்தைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்குக் குறைவு.

சம்புக்கோரையின் விதை தூசிபோலச் சிறியது. ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துபோகும். அதனால் அது ஒளியைக் கேட்கிறது. கூடவே ஆக்சிஜன் குறைந்திருந்தால் இன்னும் நன்றாக முளைக்கிறது. ஆக்சிஜன் குறைவு என்பது நீர் தேங்கிய சேற்றின் அடையாளம். நிலத்து விதைகளுக்குக் கேடாக அமைவது இதற்கு நல்ல சகுனம்.

உடலெங்கும் சுண்ணாம்பு படியவிட்டுக் கடின நீரில் செழிக்கும் காரா என்ற பாசியிலும் சிவப்பு, தொலைசிவப்பு ஒளிகளுக்கு வித்துகள் எதிரெதிராக நடந்துகொள்வதைக் கண்டிருக்கிறார்கள். நிலத்துச் செடிகளுக்கு நெருங்கிய உறவான பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தது காரா. பைட்டோகுரோம் கொண்டு ஒளியை அளக்கும் பழக்கம் நிலத்துக்கு ஏறிவந்தபின் உருவானதல்ல. தண்ணீரிலிருந்து கூடவே வந்தது.

ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. உலகின் பல பகுதிகளிலிருந்து சேகரித்த ஸ்பைரோடெலாக்களை ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தபோது, குளிர்நாட்டு வகைகள் நிறைய டூரியான்களையும் வெப்பநாட்டு வகைகள் மிகக் குறைவாகவும் உருவாக்கின. நம் ஊர்க் குளங்களிலும் ஸ்பைரோடெலா உண்டு. ஆனால் உறையும் குளிருக்கு அஞ்சி அடியில் ஒளிய வேண்டிய தேவை இங்கே இல்லை.

குளத்தைச் சீர்செய்பவர்களுக்கு

இந்த நுட்பங்கள் ஆய்வகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. மேலே எவ்வளவு அறுத்தாலும், சேற்றுக்குள் அது விட்டுச்சென்ற கிழங்குகளும் டூரியான்களும் மறுபடி முளைக்கின்றன. கிழங்குகள் சேற்றில் சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் செடியை அகற்றுவது வேலையின் பாதிகூட இல்லை.

மேலே அடர்ந்த பச்சைப் படலத்தை வாரி எடுத்தால், அதுவரை தொலைசிவப்பில் கிடந்த அடிப்பகுதிக்குச் சிவப்பு ஒளி போய்ச் சேரும். அடியில் காத்திருப்பவற்றுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். கழிவுநீரைத் தடுத்து பாஸ்பேட்டைக் குறைப்பது சரியான நடவடிக்கைதான். ஆனால் பாஸ்பேட் குறைவுக்கு ஸ்பைரோடெலா தரும் பதில்களில் ஒன்று டூரியான்களை உருவாக்கி மூழ்கவிடுவது. மேற்பரப்பு தெளிந்த முதல் ஆண்டிலேயே வெற்றி என்று அறிவித்துவிட்டால், அடுத்த வசந்தம் அதைப் பொய்யாக்கக்கூடும். அழிந்துபோன நல்ல நீர்ச்செடிகளைத் திரும்பக் கொண்டுவர விரும்புபவர்களுக்கு இதே அறிவு வேறு விதத்தில் உதவும். புதிதாக நடுவதற்கு முன் மேல்சேற்றை நீக்கி, பழைய விதைகள் கிடக்கும் அடுக்கில் ஒளிபடச் செய்து பார்க்கலாம். விதைகள் அங்கேயே உயிரோடு இருக்கலாம்.

எதை ஒழிக்க வேண்டும் என்றாலும், எதை வளர்க்க வேண்டும் என்றாலும், அந்தச் செடி எந்தத் தடயத்தை நம்பி முடிவெடுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிச்சமா, குளிரா, ஓட்டின் தேய்மானமா, ஆக்சிஜன் குறைவா என்பது செடிக்குச் செடி மாறும். கால்சியத்தை மாற்றி நாம் குளத்தை ஆள முடியாது. அது செல்லின் உள்விவகாரம். ஒளியை மாற்ற முடியும். நீரின் தெளிவு, மேற்பரப்பின் மூடல், சேற்றின் ஆழம் ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டுபவை. குளத்தடியில் கிடக்கும் விதைகளும் மொட்டுகளும் கவனித்துக்கொண்டிருப்பதும் அவற்றைத்தான்.